டிராகன்ஸ் டொக்மா 2: புகழ்பவர், இகழ்பவர் இருவரில் யாரை நம்புவது?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டது இதுதான். உயர்தரப் பரீட்சை முடிந்து கையில் நேரம் இருக்கிறது. டிராகன்ஸ் டொக்மா 2 என்ற சாகச விளையாட்டு விலைக்கழிவில் வந்திருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் பார்த்தால் ஒருவர் தம் வாழ்நாளில் ஆடியவற்றுள் இதுவே சிறந்தது என்கிறார், அடுத்தவர் காசைக் கடலில் போட்டதுபோல் ஆயிற்று என்கிறார். ரைசன் 5 3600 புரொசெசரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் உள்ள தம்முடைய கணினிக்கு இதை வாங்கலாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே விளையாட்டைப் பற்றி மனிதர்கள் இவ்வளவு முரண்பட்டுப் பேசக் காரணம் என்ன என்பது ஒன்று. அவர்கள் சொல்லும் குறைகளில் எது உங்கள் மேசையிலும் வந்து நிற்கும் என்பது மற்றது. இரண்டாவதற்கு விடை வேண்டுமானால் முதலாவதை விளங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். பம்பலப்பிட்டியில் கணினி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில்; இந்தத் தொடரின் முதற்பாகம் 2016 இல் கணினிக்கு வந்த நாளிலிருந்து அதை விடாமல் ஆடி வருபவனும்கூட. ஆனால் நான் இயந்திரத்தை வெளியிலிருந்து அளப்பவன், விளையாட்டின் நிரலை உள்ளே திறந்து பார்த்தவன் அல்லன் என்பதையும் நினைவில் வைத்து வாசியுங்கள்.

கேப்கொம் நிறுவனம் இதனை 2024 மார்ச் 22 ஆம் திகதி பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ், கணினி ஆகியவற்றுக்கு வெளியிட்டது. அப்போதைய அமெரிக்க விலை 70 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் அது 21,000 ரூபா அளவில் வந்தது. அந்த வார இறுதியில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 2 இலட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆடிக்கொண்டிருந்தார்கள், அதே வேளையில் ஸ்டீமின் பயனர் மதிப்பீடு பெரும்பாலும் எதிர்மறை என்றே காட்டிற்று. பத்திரிகை விமர்சகர்களோ முன்கூட்டியே ஆடிப் பார்த்து நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். இந்தப் பிளவுக்கு முதற்காரணம் காலம். விமர்சகர்கள் எழுதியது வெளியீட்டுக்கு முன். காசு கொடுத்து வாங்கக்கூடிய கூடுதல் பொருட்களின் பட்டியல் பொதுமக்கள் கண்ணில் பட்டது வெளியீட்டு நாளில். ஆகவே ஸ்டீமில் ஒரு கருத்தை வாசிக்கும்போது அதன் திகதியையும், எழுதியவர் அதுவரை எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார் என்பதையும் முதலில் பாருங்கள். இரண்டையும் ஸ்டீமே பக்கத்தில் காட்டுகிறது. முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுக் கோபத்தில் எழுதியவருடைய குறை உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் அது இன்று உங்களுக்கு வரும் குறையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: வெளிவந்தபோது புதிய ஆட்டம் தொடங்குவதற்கான தெரிவே பட்டியலில் இருக்கவில்லை. உருவாக்கிய பாத்திரம் பிடிக்காவிட்டால் ஆட்டத்தின் நிலை பதிவாகும் சேவ் கோப்பை நாமே தேடி அழிக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அதைத் திருத்திவிட்டார்கள். அதைப் பற்றிய நூற்றுக்கணக்கான கண்டனங்கள் மட்டும் இன்றும் அங்கேயே கிடக்கின்றன.

இனி இயங்குதிறன். இது சுவையைச் சார்ந்த விடயம் அன்று, அளந்து சொல்லக்கூடியது; உங்களுடைய கணினியை நேரடியாகத் தொடுவதும் இதுவே. இந்த விளையாட்டில் சுமையின் பெரும்பகுதி புரொசெசர் மீது விழுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டும் படம் இழுத்து இழுத்துப் போகிறது, கார்ட் பழுதாக இருக்குமோ என்று ஒருவர் தம் கணினியை என்னிடம் கொண்டுவந்தார். அளவீட்டு எண்களைத் திரையின் மூலையில் ஓடவிட்டு, வேர்ன்வொர்த் என்ற தலைநகரத்தின் சந்தைத் தெருவில் பாத்திரத்தை நடக்கவிட்டேன். காய்கறி விற்பவர், காவலர், ஓடும் சிறுவர் என்று ஆட்கள் கூடக் கூட ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது செக்கனுக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, சரிந்தது. கிராபிக்ஸ் கார்டோ தன் பலத்தில் பாதியைத்தான் பயன்படுத்திக்கொண்டு சும்மா காத்திருந்தது. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. நகர வாயிலைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும், கை எதையும் தொடாமலே, எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. கார்டில் பழுது ஏதும் இருக்கவில்லை. நகரத்தில் இருக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் புரொசெசர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புரொசெசரின் பெரும்பங்கு ஒதுக்கப்படுவதாகவும், அவை சுற்றுப்புறத்தின்மீது ஏற்படுத்தும் தாக்கம் அவ்வப்போது கணிக்கப்படுவதாகவும் கேப்கொம் நிறுவனமே வெளியீட்டின்போது விளக்கம் தந்து மன்னிப்பும் கேட்டது. என் மேசையில் கண்டதும் அதனோடு ஒத்துப்போகிறது. ஆகவே அதை உறுதி என்றே கொள்கிறேன். நகரவாசிகளைக் கொன்றால் வேகம் கூடுகிறது என்று அந்நாட்களில் சிலர் எழுதியதும் இதனால்தான். பின்னர் வந்த திருத்தங்கள், குறிப்பாக 2024 செப்டெம்பரில் வந்தது, நிலைமையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்த்தின. நகரச் சுமை முற்றாக நீங்கிவிட்டது என்று எவராவது சொன்னால் அதை ஏற்க முடியாது. திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சேர்த்த டெனுவோ என்ற பாதுகாப்பு மென்பொருளே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற குற்றச்சாட்டை நான் ஐயத்துக்குரியவற்றில் சேர்க்கிறேன். அதை எடுத்தும் வைத்தும் ஒப்பிட்டுக் காட்டாதவரை அது ஊகமே. நகரத்துக்குள் மட்டும் சரிந்து வெளியில் உயர்கிற போக்கு பாத்திரங்களின் கணக்கீட்டையே சுட்டுகிறது.

உங்கள் ரைசன் 5 3600 கேப்கொம் அறிவித்த குறைந்தபட்சத் தேவையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட புரொசெசர். அந்தக் குறைந்தபட்சம் செக்கனுக்கு 30 ஃபிரேம் என்ற இலக்கை வைத்துச் சொல்லப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 ஐ எதிர்பார்த்து வாங்கி, ஏமாந்தோம் என்று எழுதுகிறார்கள். உங்கள் கார்டில் குறையில்லை. வெளியில், காட்டுப் பாதையில், மலைச்சரிவில் உங்களுக்கு ஆட்டம் நன்றாகவே ஓடும், நகரத்தில் தடுமாறும். பின்னாளில் உங்களுக்குக் கை கூடினால் இப்போதுள்ள மதர்போர்டை மாற்றாமலே, அதன் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்து, புரொசெசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் அதிகமுள்ள ரைசன் 7 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி போன்ற ஒன்றைப் பொருத்தலாம். இந்த விளையாட்டில் அதன் பயன் தெளிவாகத் தெரியும். இந்த ஒரு விளையாட்டுக்காக மட்டும் அவ்வளவு செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, காசு. பொழுதுபோக்காகப் பேசுபவர்கள் சொல்வது, விரைவுப் பயணத்தையே காசுக்கு விற்றார்கள் என்பது. நடந்தது அப்படியே அன்று. விளையாட்டில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் செல்ல இரண்டு பொருட்கள் வேண்டும்: சென்று சேருமிடத்தைக் குறிக்கும் போர்ட்கிறிஸ்டல், ஒவ்வொரு முறையும் செலவாகிவிடும் பெரிஸ்டோன். கடையில் வைத்தது ஒரு போர்ட்கிறிஸ்டலை, பெரிஸ்டோனை விற்கவில்லை. இறந்தவரை எழுப்பும் கற்கள், துணைவர்களை வாடகைக்கு எடுக்க உதவும் படிகங்கள், தோற்றத்தை மாற்றும் நூல் போன்றவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. இவை அனைத்தும் விளையாட்டுக்குள்ளேயே, ஒரு சதமும் கொடுக்காமல், கிடைக்கின்றன. நான் ஒன்றைக்கூட வாங்கவில்லை, வாங்க வேண்டிய நிலை ஒருபோதும் வரவுமில்லை. ஆகவே காசு கொடுக்காமல் முடிக்க இயலாது என்பது தவறு.

அப்படியிருந்தும் அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்த விளையாட்டு உங்களிடமிருந்து வசதிகளை வேண்டுமென்றே பறிக்கிறது. தூரத்தை நடந்து கடக்க வைக்கிறது, பொருட்களின் பாரத்தைச் சுமக்க வைக்கிறது, அடிபட்ட உடம்பு ஓரிடத்தில் தங்கித் தூங்கும்வரை முழுதாய்த் தேறாதபடி செய்கிறது. அந்தக் கஷ்டத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று ஆடுபவர் நம்பினால்தான் ஆட்டம் நிற்கும். அதே கஷ்டத்தைக் குறைக்கும் பொருளுக்கு வெளியே விலைச்சீட்டு தொங்கினால், இதை வடிவமைத்தவர் கதைக்காகச் செய்தாரா, கல்லாப்பெட்டிக்காகச் செய்தாரா என்ற சந்தேகம் எவருக்கும் வரும். முழு விலையையும் ஏற்கெனவே கொடுத்தவருக்கு அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுத்தது பெரிய பிழை. நம்மைப் போல் டொலர் விலையை ரூபாவில் எண்ணிப் பார்த்து, மாதக்கணக்கில் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு அது இன்னும் கூடுதலாக உறைக்கும்.

ஆனால் அந்தக் கஷ்டம் கடைக்காக உருவாக்கப்பட்டதன்று என்பதற்கு 2012 இல் வந்த முதற்பாகமே சான்று. அதிலும் பயணம் இப்படித்தான் இருந்தது. இரண்டையும் இயக்கியவர் ஹிடெஆகி இட்சுனோ. டெவில் மே கிரை என்ற விளையாட்டுத் தொடரில் பல பாகங்களை இயக்கிய அவர், பயணம் சலிப்பூட்டுகிறது என்றால் அது விளையாட்டு சலிப்பாக இருப்பதனால்தான் என்ற கருத்தை வெளியீட்டுக்கு முன்பே நேர்காணலில் சொல்லியிருந்தார். இங்கே இன்னொரு விடயமும் குறுக்கிட்டது. முதற்பாகத்தின் விரிவாக்கமான டார்க் அரைசன் 2013 இல் வந்தபோது, எத்தனை முறை பயன்படுத்தினாலும் தீராத ஒரு பெரிஸ்டோன் அதில் வந்து சேர்ந்தது. 2016 இல் கணினியில் ஆடத் தொடங்கியவர்களுக்கு அது தொடக்கத்திலேயே கையில் இருந்தது. ஆகவே பழைய ரசிகர்கள் என்று நாம் ஒரே கூட்டமாகச் சொல்பவர்களிலேயே இரு வகையினர் உண்டு. நடந்தே பழகியவருக்கு இரண்டாம் பாகம் வீடு திரும்பியதுபோல் இருந்தது. தீராத கல்லோடு பழகியவருக்குக் கையிலிருந்ததைப் பிடுங்கியதுபோல் இருந்தது. இருவரும் உண்மையையே எழுதினார்கள்.

நடப்பது ஏன் வீண்போகவில்லை என்று நான் சொல்கிறேன் என்பதற்கு ஓர் இரவைச் சொல்ல வேண்டும். மாட்டு வண்டியில் ஏறி உறங்கிப் போய்க்கொண்டிருந்தபோது கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் ஒன்று வண்டியின்மேல் பாய்ந்து அதைச் சுக்குநூறாக்கியது. இருள் என்றால் இந்த விளையாட்டில் உண்மையாகவே இருள். இடுப்பு விளக்கின் வட்டத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதன் முதுகில் தாவி இறகுகளைப் பற்றிக்கொண்டு குத்திக்கொண்டிருந்தேன். அது எழும்பிப் பறக்கத் தொடங்கிவிட்டது. கைவிட்டால் விழுந்து சாவு, பிடித்திருந்தால் வலு குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் அது தன் கூட்டுக்குப் போய் இறங்கியது. அந்த மலையுச்சி என் வரைபடத்தில் அதுவரை இல்லாத இடம். துணைவர்கள் பின்தங்கிவிட்டார்கள், விளக்கில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது, விடியும்வரை ஒளிந்து ஒளிந்து இறங்க வேண்டியதாயிற்று. இவற்றில் எதுவும் எழுதிவைத்த கதைக்காட்சி கிடையாது. வண்டியும் மிருகமும் இருளும் அவையவற்றின் விதிப்படி இயங்கித் தற்செயலாகச் சந்தித்தன. மூன்று தரம் இப்படி நேர்ந்தவர் இந்த விளையாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார். மூன்று தரமும் அதே பாதையில் கொப்ளின் எனப்படும் அதே குட்டி அரக்கர் கூட்டத்தை மட்டுமே சந்தித்தவர் சலித்துப்போய் அழித்துவிடுவார். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க முடியாது.

பான் எனப்படும், விளையாட்டே இயக்கும் துணைவர்களைப் பற்றியும் கருத்து இரண்டுபட்டே நிற்கிறது. நீங்கள் உருவாக்கும் ஒருவர் எப்போதும் உங்களுடன் வருவார். மற்ற இருவரை வேறு ஆட்டக்காரர்கள் உருவாக்கியவர்களிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களுடையவரும் அவ்வாறே யாரோ ஒருவருடைய உலகுக்குப் போய், அங்கு கண்ட வழிகளையும் புதையல்களையும் நினைவில் கொண்டு திரும்புவார். இணைய இணைப்பு இல்லாதபோதும் நிறுவனம் தந்த துணைவர்கள் கிடைப்பார்கள். ஓயாமல் பேசுகிறார்கள் என்ற முறைப்பாடு முற்றிலும் நியாயமானது. ஆனால் இணையத்தில் அறிமுகமில்லாத எவருடனும் வாய்ச்சண்டைக்குப் போகாமலே ஒருவருக்கொருவர் உதவ முடிகிற இத்தகைய ஏற்பாட்டை நான் வேறெங்கும் இவ்வளவு அழகாகக் கண்டதில்லை.

இந்தத் துணைவர்களுக்கு வரும் டிராகன் பிளேக் என்ற நோய்தான் அதிகமானோரைக் கொதிக்க வைத்தது. நோய் முற்றிய துணைவரோடு விடுதியில் தூங்கினால், விடியும்போது அந்த ஊரில் உள்ளவர்கள் பெருந்தொகையாக இறந்துகிடப்பார்கள். அவர்களோடு அவர்களுடைய பணிகளும் போய்விடும். ஓர் ஆட்டக்காரருக்கு ஒரே சேவ் என்பதால் பின்னோக்கிப் போவதும் எளிதன்று. அறிகுறிகள் இருக்கின்றன: துணைவர் சொன்னதைக் கேட்கமாட்டார், தலையைப் பிடித்துக்கொள்வார், கண்கள் சிவந்து ஒளிரும். வாடகைக்கு எடுத்தவராயின் அனுப்பிவிடலாம். உங்களுடையவராயின் ஆழமான நீரில் தள்ளிவிட்டால் குணமாகி மீண்டும் வருவார். முதலில் இந்த அறிகுறிகள் தவறவிடக்கூடிய அளவுக்கு நுட்பமாக இருந்தன. நோய் தொற்றும் வாய்ப்பைக் குறைத்தும் அறிகுறிகளைத் தெளிவாக்கியும் பின்னர் ஒரு திருத்தம் வந்தது. தம் செயலுக்குத் தாமே பொறுப்பாக வேண்டும் என்று விரும்புகிறவர் இதை மெச்சுவார். நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவருக்கு இது ஒரு மாத உழைப்பின் மீது விழும் அடி. எனக்கு இது பிடிக்கும். அதற்காக மற்றவர் கோபத்தைக் குழந்தைத்தனம் என்று தள்ளுவது அநீதி.

சுவையையும் இயந்திரத்தையும் காசையும் ஒதுக்கிவைத்தாலும் எஞ்சும் குறைகள் இருக்கின்றன, அவற்றை எந்தத் திருத்தமும் தீர்க்கவில்லை. எதிரிகளின் வகை போதாது. முதற்பாகத்தின் ஏறக்குறைய நான்கு மடங்கு நிலப்பரப்பில் கொப்ளின், ஓநாய், ஹார்பி எனப்படும் பறவைப் பெண், பல்லி மனிதர் என்று அதே முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன; பாட்டால் என்ற பாலைநாட்டுக்கு எல்லை கடந்து போனால் புதுமை காணலாம் என்று எதிர்பார்த்துச் சென்றவருக்கு நிறம் மாறியவையே பெரும்பாலும் கிடைத்தன. டார்க் அரைசன் விரிவாக்கத்தின் பிட்டர்பிளாக் தீவு போன்ற கடுமையான ஓர் இடம் இதில் இல்லை என்பதும் பழையவர்களுக்கு நெருடுகிறது. ஒரே நேரத்தில் ஆயத்தமாக வைத்திருக்கக்கூடிய ஆயுதத் திறன்கள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன. போர்வீரர், மந்திரவாதி என்று பாத்திரம் ஏற்கக்கூடிய பத்து வகைத் தொழில்களும் ஒவ்வொன்றும் தனித்த கைப்பழக்கத்தோடு அமைந்திருப்பது அதை ஓரளவுக்கே ஈடுசெய்கிறது. அரசியல் சூழ்ச்சியோடு தொடங்கும் கதை நடுவழியில் தளர்ந்து, அவசரமாக ஒரு முடிவுக்கு ஓடுகிறது. அந்த முடிவுக்குப் பின்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. உங்கள் அனுபவத்தைக் கெடுக்காமலிருக்க அதற்குமேல் சொல்ல மாட்டேன். இட்சுனோ 2024 ஆகஸ்ட் இறுதியில் கேப்கொமை விட்டு விலகிவிட்டார். எனவே பிறகு எல்லாம் சரியாகும் என்ற எதிர்பார்ப்பில் வாங்காமல், இன்றிருக்கும் நிலையில் பிடிக்குமா என்று பார்த்தே வாங்குங்கள்.

உங்களுக்கு என் பதில்: நகரத்தில் 30 ஃபிரேமுக்கு அருகில் ஓடினால் சகித்துக்கொள்வீர்கள் என்றால், விலைக்கழிவில் வாங்கலாம். முழு விலைக்கு, உங்கள் புரொசெசரை வைத்துக்கொண்டு, வாங்க வேண்டாம். என் வார்த்தையை நம்பி மட்டும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். பாத்திரத்தின் முகத்தையும் உடலையும் செதுக்குவதிலேயே பலருக்கு அந்த நேரம் கரைந்துவிடுகிறது. அதற்கென்று தனியாக ஓர் இலவசச் செயலியைக் கேப்கொம் ஸ்டீமில் வைத்திருக்கிறது. உங்கள் பாத்திரத்தையும் துணைவரையும் அதில் ஆறுதலாக உருவாக்கிச் சேமித்துவிட்டுப் பிறகு விளையாட்டை வாங்குங்கள். தொடங்கியதும் சுற்றித் திரியாமல் கதைப்பாதையிலேயே போய், மெல்வ் ஊரில் மாட்டு வண்டி பிடித்து வேர்ன்வொர்த்துக்குச் செல்லுங்கள். பகல் நேரத்தில், கூட்டம் நிறைந்த சந்தைத் தெருவில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அந்தத் தெருவில் நீங்கள் காண்பதுதான் ஏறக்குறைய உங்கள் கணினியில் வரக்கூடிய மிக மோசமான நிலை. அது கண்ணை உறுத்தினால் அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள். உறுத்தாவிட்டால், விளக்குக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு நகர வாயிலுக்கு வெளியே நடங்கள்.